எட்டு சிலிண்டர் பொறாமை

அத்தியாயம் 5

ஸ்வர்ணா அழவில்லை. அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது. புருஷன் மேல் சந்தேகப்பட்டு எங்கள் ஆபீசுக்கு வரும் பெண்கள் நாற்காலியில் உட்கார்ந்ததும் அழுவார்கள். நான் டிஷ்யூ பெட்டியை நகர்த்துவேன். மேடம் ஜன்னலைப் பார்ப்பார். இவளோ கைப்பையிலிருந்து ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

"இந்த மாதிரி எங்க வீட்ல ஒரு ஷெல்ஃப் நிறைய இருக்கு மேடம். ஜெயசெல்வி வீட்ல அதுல பாதிதான் இருக்கு. அதனால என் ஹஸ்பெண்டுக்கு வேற யாரோ இருக்கா."

கள்ளக் காதலுக்கு இவ்வளவு குறுக்கு வழியில் வந்து சேர்ந்த ஒருவரை நான் அதுவரை பார்த்ததில்லை.

1987 ஆகஸ்ட். ஹூஸ்டனில் ஹில்கிராஃப்ட் தெருவில், ஒரு மளிகைக் கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ். கீழே பெருங்காய டப்பாவைத் திறந்தால் மேலே எங்களுக்குத் தெரிந்துவிடும். மேடம் என்று நான் சொல்வது அனந்தலக்ஷ்மி அவர்களை. கார் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் பல வருஷம் நசுங்கிய வண்டிகளைப் பார்த்து, சொந்தக்காரன் சொல்வதில் எவ்வளவு பொய் என்று கண்டுபிடித்துக்கொண்டிருந்தவர். மனிதர்களைவிட வண்டிகளை அதிகம் நம்புவார். நான் பிச்சுமணி, அவருடைய அசிஸ்டென்ட். பெட்ரோலியம் இன்ஜினியரிங் படிக்க டெக்ஸஸுக்கு வந்தேன். எண்ணெய் விலை விழுந்தது, கூடவே நானும் விழுந்தேன். இந்த ஊரில் சொந்த வண்டி இல்லாத ஒரே தமிழன் அநேகமாக நான்தான். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது கடந்து போகிற ஒவ்வொரு வண்டியையும் பார்த்து வயிறு எரியும். ஆகவே பொறாமையைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

ஸ்வர்ணா மெடிக்கல் சென்டரில் லேப் டெக்னீஷியன். விஷயத்தைக் கோவையாகச் சொன்னாள். புருஷன் பசுபதி, பேடவுன் பக்கம் ஒரு கெமிக்கல் ப்ளான்டில் இன்ஜினியர். அதே ப்ளான்டில் அதே ஷிஃப்டில் தேவநேசன். அவர் மனைவிதான் ஜெயசெல்வி. இரண்டு குடும்பமும் ஒரே அபார்ட்மென்ட் காம்ப்ளெக்ஸ். ஆண்கள் இருவரும் வருஷக்கணக்கில் ஒரே காரில் வேலைக்குப் போய் வந்தவர்கள். போன பிப்ரவரியில் இருவருக்கும் ஒரே சமயத்தில் பிக்கப் ட்ரக் ஆசை பிடித்தது. தேவநேசன் எட்டு சிலிண்டர் ஃபுல் சைஸ் வாங்கினார். பசுபதி மைலேஜ் பார்க்கிறவர். அந்த வருஷம்தான் புதிதாக வந்திருந்த மிட்சைஸ் பிக்கப்பை, பொடிசும் இல்லாமல் பூதமும் இல்லாமல் நடுவாக இருந்ததை, வாங்கினார்.

"ஒரு பாட்லக் டின்னர்ல ஜெயசெல்வி எல்லார் முன்னாலயும் சொன்னா மேடம். ஸ்வர்ணா, உங்களுக்கு அந்தச் சின்ன வண்டியே போதும்னு."

அந்த 'போதும்' அவளுக்குள் இன்னும் ஆறாமல் இருந்தது. அன்றைக்கே வீட்டில் சட்டம் போட்டுவிட்டாள். இனிமேல் தேவநேசன் நம் வண்டியில் ஏறக் கூடாது, நீங்களும் அவர் வண்டியில் ஏறக் கூடாது. எதிர் வீட்டில் ஜெயசெல்வியும் அதே சட்டத்தைப் போட்டிருந்தாள். அன்றிலிருந்து ஒரே பார்க்கிங்கிலிருந்து ஒரே ப்ளான்டுக்கு இரண்டு வண்டிகள் தனித்தனியாகப் போகின்றன.

இங்கேதான் டம்ளர் வந்தது. இரண்டு வீட்டாரும் சனிக்கிழமைகளில் ஒரே கேஸ் ஸ்டேஷனில் பெட்ரோல் போடுவார்கள். பத்து காலனுக்கு ஒரு டம்ளர் இலவசம்.

"அவ வண்டி காலனுக்கு முப்பத்திரண்டு மைல் கொடுக்குதாம் மேடம். சர்ச்ல சொல்றா, க்ரோசரில சொல்றா, லான்ட்ரி ரூம்ல சொல்றா. எங்க சின்ன வண்டி பத்தொன்பதுதான் கொடுக்குது."

ஜெயசெல்வி சும்மா அளக்கலாமே என்றேன்.

"டம்ளர் அளக்காது," என்றாள் ஸ்வர்ணா. "நான் போய் எண்ணிப் பார்த்துட்டேன்."

எப்படிக் கணக்குப் போட்டாள் என்று மேடம் விசாரித்தார். வீட்டிலிருந்து ப்ளான்டுக்கு முப்பத்தாறு மைல். போக வர இரண்டு மடங்கு. அதை வாரத்தின் வேலை நாட்களால் பெருக்கி, போட்ட கேஸால், அதாவது பெட்ரோலால், வகுத்திருந்தாள். ஜெயசெல்வியும் அதே முறையில்தான் வகுக்கிறாளாம். பெரிய வண்டியே முப்பத்திரண்டு கொடுத்தால் சின்ன வண்டி நாற்பதாவது கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லை. அப்படியானால் பசுபதி வேறு எங்கோ சுற்றுகிறார். இதுதான் அவள் வழக்கு.

மேடம் வேறு ஏதாவது உண்டா என்று கேட்டார். ஸ்வர்ணா டம்ளரையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "வீட்ல எதுக்கெடுத்தாலும் 'ம்'தான். ஆனா காலைல வேலைக்குக் கிளம்பும்போது விசில் அடிக்கறார். வேலைக்குப் போறதுக்கு யாராவது விசில் அடிப்பாங்களா?"

நான் அடிப்பதில்லை என்பதை மேடம் முன்னால் சொல்லவில்லை.

"உண்மைன்னா சொல்லிடுங்க மேடம். பொண்ணைக் கூட்டிக்கிட்டு எடிசன்ல எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். அண்ணன்கிட்ட பேசிட்டேன்."

*

சனிக்கிழமை மத்தியானம் பசுபதி சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார். ஸ்வர்ணா சாவியோடு பார்க்கிங்குக்கு இறங்கி வந்தாள். நடுத்தர வண்டி சாதுவாக நின்றது. பக்கத்தில் தேவநேசனின் பெரிய வண்டி, கோடு போட்ட இடம் போதாமல் இரண்டு பக்கமும் வழிந்துகொண்டு நின்றது. பார்த்ததும் எனக்கும் எரிந்தது. ஒரு மனுஷனுக்கு இவ்வளவு வண்டி எதற்கு?

மேடம் ஓடோமீட்டரைப் பார்த்து வாய்க்குள் பெருக்கினார், கழித்தார். "ப்ளான்டுக்குப் போய் வந்த மைல்தான் இருக்கு. கூட ஏதோ மளிகைக் கடை. ஊர் சுத்தின மைல் இதுல இல்ல."

ஸ்வர்ணா மூச்சு விட்டாள். அதைக் கெடுத்தது நான்தான். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். என் முழங்காலுக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவில் இன்னொரு பிச்சுமணி உட்காரலாம் போலிருந்தது. அந்த சீட்டைத் தண்டவாளத்தின் கடைசி வரை பின்னால் தள்ளியிருந்தார்கள். ஸ்வர்ணா என்னைவிடக் குள்ளம்.

"இங்க உட்கார்றது யாரோ ஆறடி ஆள்," என்றேன்.

"வெள்ளைக்காரியா?" என்றாள் ஸ்வர்ணா.

மேடம் என்னை முறைத்துவிட்டு ஏசியின் காற்றுத் துவாரத்தைக் காட்டினார். டிரைவர் பக்கத்துத் துவாரம் மூடியிருந்தது. என் பக்கத்துத் துவாரம் மட்டும் முழுக்கத் திறந்து, உயரமான முகத்துக்கு நேராக மேலே திரும்பியிருந்தது. ஏசி பட்டன் கடைசி நம்பரில் நின்றது.

அதைப் பார்த்ததும்தான் ஸ்வர்ணா அழுதாள். வண்டி வாங்கிய புதிதில் அவளைக் கூட்டிக்கொண்டு போனபோது, ஏசி போட்டால் மைலேஜ் அடிவாங்கும், ஜன்னலை இறக்கு என்று சொன்ன மனுஷராம். தனியாகப் போகும்போதும் போடமாட்டார், சட்டை நனைந்துதான் வீட்டுக்கு வருவார் என்று பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தாளாம்.

"எனக்கு ஒரு நாள் போட்டதில்ல மேடம். அவளுக்குப் போடறார்."

நான் டிஷ்யூ பெட்டியை ஆபீசிலேயே விட்டு வந்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்து மாடி பால்கனியில் துணி காயப்போட ஜெயசெல்வி வந்தாள். ஸ்வர்ணா முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாங்கள் வண்டியை விலைக்குப் பார்க்க வந்தவர்கள் என்று மேலே பார்த்துச் சொல்லிவைத்தாள்.

"விக்கிறீங்களா? நல்லதுதான்," என்றாள் ஜெயசெல்வி மேலேயிருந்து. "ரொம்ப கேஸ் குடிக்குன்னு சொன்னாங்க. எங்க வண்டி பெருசுதான், ஆனா குடிக்கவே குடிக்காது பாத்துக்கிடுங்க."

அவள் பொய் சொல்லவில்லை. முகத்தில் அப்படி ஒரு நம்பிக்கை. ஸ்வர்ணா வண்டிக் கதவைப் பட்டென்று சாத்திப் பூட்டினாள்.

*

திங்கட்கிழமை மேடம் என்னை ஃப்ரீவே ஓரத்து டீலர் கடைக்குக் கூட்டிப்போனார். போகும் வழியெல்லாம் நான் குற்றவாளியை வர்ணித்துக்கொண்டே போனேன். ஆறடி, பொன்னிறத் தலைமுடி, கௌபாய் பூட்ஸ், பெயர் அநேகமாக லிண்டா. மேடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பேசாமல் இருந்தால் நான் எங்கோ தப்பு செய்கிறேன் என்று அர்த்தம்.

கடையில் நடுத்தர பிக்கப்பும் ஃபுல் சைஸும் பக்கம் பக்கமாக நின்றன. பசுபதியும் தேவநேசனும் வாங்கிய அதே மாடல்கள். புது வண்டி என்பதால் ஜன்னலில் மைலேஜ் ஸ்டிக்கர் இன்னும் ஒட்டியிருந்தது. மேடம் முதலில் நடுத்தர வண்டியின் ஸ்டிக்கரைப் படிக்கச் சொன்னார். ஊருக்குள், ஃப்ரீவே இரண்டும் சேர்த்துச் சராசரி இருபது.

"ஸ்வர்ணா கணக்கு எவ்வளவு?"

"பத்தொன்பது."

"அந்த ஒண்ணு எங்க போச்சு?"

"ஏசியில," என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. பசுபதியின் வண்டி கொடுக்க வேண்டியதைக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதில் திருட்டே இல்லை.

பெரிய வண்டியின் ஸ்டிக்கரில் பதினாறு என்று போட்டிருந்தது. தொப்பி வைத்த சேல்ஸ்மேன் ஒருவர் வந்தார். இந்த வண்டி காலனுக்கு முப்பத்திரண்டு கொடுக்குமா என்று மேடம் அவரைக் கேட்டார். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். எட்டு சிலிண்டர், இவ்வளவு இரும்பு, முன்னால் சுவர் போல நிற்கும் மூக்கு, இதை ஒரு மலை உச்சியிலிருந்து இன்ஜினை அணைத்து உருட்டிவிட்டால் ஒருவேளை கொடுக்கலாம் என்றார். ஹூஸ்டனில் மலை கிடையாது.

வெளியே வந்ததும் மேடம் காரின் மேல் சாய்ந்துகொண்டார். "ஸ்வர்ணா கெட்டிக்காரி. வகுத்தல் சரியா போட்டிருக்கா. ஆனா ஜெயசெல்வி நம்பரை வேதவாக்கா எடுத்துக்கிட்டு, தன் நம்பர்ல தப்பு தேடியிருக்கா. அவ வீட்டு சோபா, அவ வீட்டு கார்ப்பெட், எல்லாத்துலயும் இப்படித்தான் பண்ணியிருப்பா. இந்த ஸ்டிக்கரை ஒரு தடவை வந்து படிச்சிருந்தா நம்மகிட்ட வந்திருக்கவே மாட்டா."

"அப்ப லிண்டா?"

"லிண்டா இருக்கட்டும். பதினாறு கொடுக்க வேண்டிய வண்டி முப்பத்திரண்டு கொடுக்குது. அது என்ன கணக்கு?"

"இரட்டிப்பு."

"கேஸ் இரட்டிப்பா வேலை செய்யாது பிச்சு. அப்ப ரோடு பாதிதான் இருக்கணும். ஸ்வர்ணா வீட்ல ஒண்ணும் காணாமப் போகல. ஜெயசெல்வி வீட்ல மைல் காணாமப் போயிருக்கு."

காருக்குள் ஹூஸ்டன் மேப்பை விரித்தார். காம்ப்ளெக்ஸிலிருந்து ப்ளான்ட் வரை ஃப்ரீவே மேல் ஒரு நூலை வைத்து, அதை இரண்டாக மடித்தார். மடிப்பு டவுன்டவுன் தாண்டி, கிழக்குப் பக்கத்து எக்ஸிட் ஒன்றில் விழுந்தது. நம் ஆட்கள் யாரும் மளிகை வாங்கவோ சினிமா கேசட் எடுக்கவோ போகாத பக்கம் அது.

*

மறுநாள் காலை அந்த எக்ஸிட்டில் இறங்கினோம். கேஸ் ஸ்டேஷன் ஒன்று, டயர் கடை ஒன்று, பெரிய பார்க்கிங்கோடு ஒரு டோனட் கடை. தேவநேசனின் எட்டு சிலிண்டர் அங்கே மரத்தடியில் நின்றது. பக்கத்தில் நின்றவர் தேவநேசனாகத்தான் இருக்க வேண்டும். அப்போதுதான் அவரை முதன்முதலாகப் பார்த்தேன். ஆறடிக்குக் குறையாத மனிதர்.

எனக்குள் லிண்டா மெல்ல மறைந்து போனாள்.

பசுபதியின் வண்டி வந்து நின்றது. இரண்டு பேரும் தோளில் கை போட்டுக்கொண்டு கடைக்குள் போனார்கள். மேடம் கண்ணாலேயே என்னைத் துரத்தினார். பசுபதி என்னைப் பார்த்ததே இல்லை. ஒரு காபி வாங்கிக்கொண்டு அவர்களுக்குப் பின் மேஜையில் முதுகு காட்டி உட்கார்ந்தேன்.

முதலில் தேவநேசன் அவர்கள் சூப்பர்வைசரைப் போலவே பேசிக் காட்டினார். பசுபதி மேஜையைத் தட்டிச் சிரித்தார். வீட்டில் 'ம்' மட்டும் சொல்கிற அந்த மனிதர் கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். பிறகு பேச்சு வண்டிக்கு வந்தது. ஆளுக்கொரு வண்டி முழு தூரம் ஓட்டுவது வீண், பாதி வழியில் பெரியதை நிறுத்திவிட்டுச் சின்னதில் சேர்ந்து போவோம் என்று மார்ச் மாதத்திலிருந்தே ஏற்பாடாம். மனைவிகளின் கோபம் ஒரு வாரத்தில் தணிந்ததும் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்திருக்கிறார்கள். தணியவில்லை.

"எங்க வீட்டுக்காரி அந்த முப்பத்திரண்டை ஊரெல்லாம் சொல்லிட்டா பசுபதி," என்றார் தேவநேசன். "இனி நெசத்தைச் சொன்னா என்னை வெளிய தள்ளிக் கதவைச் சாத்திருவா."

அதற்கும் சிரித்தார்கள். வண்டியைப் பார்த்துப் பொறாமைப்பட்டதெல்லாம் ஒன்றுமில்லை. திருட்டுத்தனமாகவாவது பார்த்துப் பேச வேண்டும் என்று யாருக்காவது தோன்றும்படி எனக்கு ஒரு நண்பன் இந்த ஊரில் இல்லையே என்று அந்த மேஜையில்தான் உறைத்தது.

கடைசியாக அவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். அது சிரிக்கிற விஷயம் இல்லை. கேட்டதை ஒன்று விடாமல் காருக்கு வந்து மேடத்திடம் சொன்னேன். எங்கள் முன்னாலேயே நடுத்தர பிக்கப் ஃப்ரீவேக்கு ஏறியது. பக்கத்து சீட்டில் தேவநேசன், கண்ணாடி ஏற்றி, ஏசிக் காற்றில் முடி பறக்க உட்கார்ந்திருந்தார்.

*

சாயங்காலம் ஸ்வர்ணா லேப் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்தாள். மேடம் சுற்றி வளைக்கவில்லை. வேறு பெண் யாரும் இல்லை, அந்த சீட்டில் உட்காருவது தேவநேசன் என்று முதல் வாக்கியத்திலேயே சொன்னார். பிறகு ஸ்டிக்கர், நூல், டோனட் கடை எல்லாவற்றையும் சொன்னார்.

ஸ்வர்ணா முதலில் சிரித்தாள். கையெடுத்துக் கும்பிட்டாள். எடிசன் அண்ணனுக்கு இன்றே போன் பண்ணிவிடுகிறேன் என்றாள். அப்புறம் அந்தச் சிரிப்பு ஒரு பக்கமாக இறங்க ஆரம்பித்தது.

"அவருக்கு ஏசி போடறாரா?"

"தேவநேசனுக்கு உஷ்ணம் ஆகாதாம்," என்றேன்.

"என்ன பேசிக்கறாங்க?"

நான் கொஞ்சம் சொன்னேன். சூப்பர்வைசர் குரலைச் சொன்னேன். பசுபதி மேஜையைத் தட்டியதைச் சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள். அவர் சிரித்தாரா, சத்தமாகவா, பல் தெரியவா என்று துருவித் துருவிக் கேட்டாள். ஒரு பெண்ணைப் பற்றிக் கேட்டிருந்தால்கூட இவ்வளவு கேட்டிருக்க மாட்டாள்.

"பொம்பளையா இருந்திருந்தா சண்டையாவது போட்டிருப்பேன்," என்றாள். "இதுக்கு நான் என்ன பண்றது மேடம்? என்கிட்ட பேசறதுக்கு ஒண்ணுமில்லாத மனுஷனுக்கு அவர்கிட்ட பேச தினம் விஷயம் இருக்கு."

மேடம் நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். இந்த மாதிரி நேரங்களில் அவர் குரல் வேறு மாதிரி ஆகிவிடும். "இன்னொரு விஷயம் இருக்கு ஸ்வர்ணா. இதைச் சொல்லணுமான்னு காலைலேந்து யோசிச்சேன். ப்ளான்ட்ல ஆள் குறைக்கப் போறாங்க. பசுபதிக்கு வேலை போகலாம்னு பேச்சு இருக்கு. அவர் ரெண்டு மாசமா சரியா தூங்கல."

ஸ்வர்ணா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"தேவநேசனுக்கு?" என்றாள். "அவருக்கும் போகுதா, இவருக்கு மட்டுமா?"

கீழே கடையில் யாரோ அரிசி மூட்டையை இழுக்கும் சத்தம் கேட்டது. நான் ஜன்னலைப் பார்த்தேன். வழக்கமாக அது மேடத்தின் வேலை.

"இவ்வளவு பெரிய விஷயத்தை என்கிட்ட ஏன் சொல்லல? நான் அவர் பெண்டாட்டி இல்லையா? வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன?"

"வேலை போகப்போகுதுன்னு நான் சொன்னேன்," என்றார் மேடம். "நீங்க முதல்ல என்ன கேட்டீங்க?"

ஸ்வர்ணா லேப் கோட்டின் பொத்தானைத் திருகினாள்.

"அதைத்தான் நீங்க முதல்ல கேப்பீங்கன்னு காலைல பசுபதி தேவநேசன்கிட்ட சொல்லிக்கிட்டிருந்தார்," என்றார் மேடம்.

நான் டிஷ்யூ பெட்டியை நகர்த்தினேன். அவள் அதைத் தொடவில்லை. கடைசியில் மேடத்தைப் பார்க்காமல் என் பக்கம் திரும்பினாள்.

"சிரிச்சுக்கிட்டா சொன்னார்?"

"இல்லக்கா," என்றேன். "அப்ப மட்டும் சிரிக்கல."